இருநூற்றுப் பதினொரு மன்னிப்பும் ஒரு மறுப்பும்

அக்காவை நாங்கள் ராத்தா என்போம். என் ராத்தா என்னை வீட்டுக்கு வா என்று அழைப்பதில்லை. ஏன் இன்னும் வரவில்லை என்று விசாரிப்பதுதான் அவருடைய அழைப்பு. ஒக்டோபர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் தொலைபேசியில் வந்தவர் அதைக்கூடக் கேட்கவில்லை. சனிக்கிழமை மாம்புரிக்கு வா, ஞாயிறு திரும்பலாம், மாற்று உடுப்பு கொண்டு வா, மச்சானுடைய சாரம் உனக்குக் காணாது என்றார். கடைசிச் செய்தி என் இடுப்பைப் பற்றியது. அதை அவர் கடைசியாகப் பார்த்து ஒரு வருடம் இருக்கும். ஊகித்தே சொன்னார், சரியாகவும் சொன்னார்.

ராத்தாவும் அவருடைய கணவரான மச்சானும் செவ்வாய்க்கிழமை உம்றாவுக்குப் புறப்பட இருந்தார்கள். எங்கள் பக்கத்தில் மக்காவுக்குப் போகிறவர்கள் அதற்கு முன் தெரிந்தவர்கள் எல்லாரிடமும் மாப்புக் கேட்பது வழக்கம். இறைவனுக்குச் செய்த பிழையை இறைவன் மன்னிப்பான். மனிசருக்குச் செய்ததை அந்தந்த மனிசர்தான் மன்னிக்க வேண்டும். ஆகவே வீடு வீடாகப் போய், தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் செஞ்சிருந்தா மன்னிச்சுக்கங்க என்பார்கள். மன்னிச்சாச்சு, எங்களுக்காகவும் துஆ கேளுங்க என்று பதில் வரும். பிறகு தேத்தண்ணி வரும். என்ன பிழை என்று இவரும் சொல்ல மாட்டார், அவரும் கேட்க மாட்டார். இந்த வழக்கம் இத்தனை காலம் நிலைத்திருப்பதற்குக் காரணம் அதுதான் என்பது என் எண்ணம்.

இப்போது இதெல்லாம் வட்ஸ்அப்பில் நடக்கிறது. ஒரே செய்தியை எல்லாருக்கும் தட்டிவிடலாம். ஆனால் ராத்தா எதையும் ஒழுங்காகச் செய்கிறவர். பேர் போடாத மன்னிப்பு மன்னிப்பல்ல என்று சொல்லி, மச்சானின் கைபேசியை வாங்கி, இரண்டு பின்னேரம் இருந்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பினார். ஒவ்வொரு செய்தியின் தலைப்பிலும் ஆளின் பெயர், கைபேசியில் எப்படி இருந்ததோ அப்படியே. இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் போனது. இருநூற்றுப் பதினொரு பேர் மன்னித்தார்கள். ஒருவன் மட்டும் குரலில் பதில் அனுப்பினான்.

"மன்னிக்கல்ல."

அவ்வளவுதான். சலாம்கூட இல்லை.

அவன் என் கூட்டாளி. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது, படகில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியவர்களில் ஒருவன். அவனுக்கும் எனக்கும் அப்போது பதின்மூன்று வயது. இறங்கும்போது அவன் கையில் குசினியில், அதாவது சமையலறையில், புழங்கும் ஒரு சாமான் இருந்தது. அடுத்த கிழமை பள்ளிக்கூடத்தில் அந்தச் சாமானே அவனுடைய பெயராகிவிட்டது. முப்பத்தைந்து வருடமாக அதுதான் பெயர். கலியாணக் கடிதாசியின் உறையில் அதைத்தான் எழுதுவார்கள். மின்சாரப் பட்டியல் கொண்டு வருகிறவர் அதைச் சொல்லித்தான் வீடு விசாரிப்பார். அவனுடைய மகள் ஆசிரியையாகிவிட்டாள். பிள்ளைகள் அவளை டீச்சர் என்கிறார்கள், பெற்றோர் அந்தச் சாமானின் மகள் என்கிறார்கள். மச்சானின் கைபேசியிலும் அவன் அந்தப் பெயரில்தான் இருந்தான். ராத்தா எழுத்துப் பிழையின்றிப் பார்த்தெழுதி, அந்தப் பெயரை விளித்து, தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்டிருந்தார்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அதற்கொரு காரணம் இருக்கிறது, பிறகு வரும். நான் அவனை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்பதை மட்டும் இப்போது சொல்லி வைக்கிறேன். ஊரிலேயே தன்னைச் சரியான பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவன் நான் ஒருவன்தான் என்று அவன் பல பேரிடம் சொல்லியிருக்கிறான். நான் அதை அடக்கத்தோடு கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

சனிக்கிழமை கொழும்பில் கற்பிட்டி பஸ் ஏறினேன். சிலாபம் வரைக்கும் பக்கத்து இருக்கைக்காரர் என்னைச் சிங்களத்தில் திட்டினார். சிலாபத்தில் அவர் இறங்க, ஏறியவர் தமிழில் தொடர்ந்தார். இருவருக்கும் பிரச்சினை என் பை. பாலாவிச் சந்தியில் திரும்பியபோது உப்பளங்களின் மேல் மழை நின்றுகொண்டிருந்தது. ஜன்னலை மூட முடியவில்லை. மாம்புரியில் இறங்கும்போது வலது பக்கம் முழுக்க நனைந்திருந்தேன், இடது பக்கம் முழுக்கப் பக்கத்து ஆளின் கருவாட்டுப் பொதி மணத்தது. இந்தக் கரையின் காற்றைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அதில் வளர்ந்தவன். அது மணலைத் தூக்கி வந்து சோற்றில் போடும். பிறந்ததிலிருந்து எனக்கும் அதற்கும் சரியில்லை.

ராத்தா வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். சாரம் விஷயத்தில் தான் சொன்னது சரி என்ற திருப்தி முகத்தில் தெரிந்தது. மச்சான் தோட்டத்தில் மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கிப் பார்த்தார், குழாயை மூடவில்லை. மச்சானுக்கு என்னைப் பிடிக்காது. நான் பத்திரிகையில் நகைச்சுவைப் பத்தி எழுதத் தொடங்கிய நாளிலிருந்து ஒரு கிழமை தவறாமல் வாசித்து வருகிறார், ரசித்தல்ல, தன்னைப் பற்றி ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. இத்தனை விசுவாசமான வாசகர் எனக்கு வேறு இல்லை. ஒரு தடவை கோழி வளர்ப்பைப் பற்றி எழுதியிருந்தேன். அதில் வந்த சேவல் தான்தான் என்று முடிவுசெய்து எட்டு மாதம் பேசாமல் இருந்தார். அவரை மனதில் வைத்து எழுதிய சேவல்தான் அது, ஆனால் அவரால் அதை நிரூபிக்க முடியாது.

ராத்தா குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டே என்னிடமும் மாப்புக் கேட்டார்.

"உனக்கும் ஏதும் செஞ்சிருந்தா மன்னிச்சிரு. நான் ஒண்டும் செய்யல்ல. ஆனாலும் கேக்கணும்."

மன்னித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார், வெங்காயம்தான். நிலைமையை அப்போதுதான் விளக்கினார். ஒரு ஆள் மன்னிக்கவில்லை என்றால் தன்னால் விமானம் ஏற முடியாது என்றார். மச்சான் குசினி வாசலில் வந்து நின்று, இருநூற்றுப் பதினொரு பேர் மன்னித்ததை விட்டுவிட்டு ஒருவனுக்காகப் பயணத்தை நிறுத்துவதா என்று என்னைப் பார்த்துச் சொன்னார். ராத்தாவும் என்னைப் பார்த்தே பதில் சொன்னார்: ஒருவனுடைய மனதைத் தூக்கிக்கொண்டு கஃபாவைச் சுற்ற ஏலாது, பாரம் கூடுதல். நாளைக் காலை நீங்கள் இருவரும் குறிஞ்சிப்பிட்டிக்குப் போய் அவனை நேரில் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி கட்டுவதில்லை. கட்டியிருந்த பெட்டி ஒன்றைத் திறந்து இரண்டு துவாயை வெளியில் எடுத்தும் காட்டினார்.

நான் எதற்கு, அவர்தானே மாப்புக் கேட்க வேண்டும் என்றேன். அவன் என் கூட்டாளி என்பதால் இடையில் நின்று சமாதானம் பேச வேண்டுமோ என்றும் கேட்டேன்.

ராத்தா கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கூட்டாளிண்டு உன்னக் கூப்பிடல்ல. ஏன் கூப்பிட்ட எண்டு உனக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும். தெரியாதவன் போல வெங்காயத்தோலைப் பொறுக்கிப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மச்சானின் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம். எங்களுக்குள் பேச்சில்லை, ஆனால் மணல் ஒழுங்கைகளில் அவருடைய இடுப்பைப் பிடிக்காமல் இருக்க வழியில்லை. பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் வண்டியின் வேகத்தைக் கூட்டினார். தலவில பக்கம் நடுவீதியில் கழுதைகள் நின்றன. இந்தக் கரையில் கழுதைகளுக்கு உரிமையாளரும் இல்லை, அவசரமும் இல்லை. மச்சான் ஹோர்ன் அடித்தார். ஒன்று திரும்பி எங்களைப் பார்த்துவிட்டு, எங்களில் விசேஷமாக எதையும் காணாமல், பழையபடி நின்றது. அந்தக் காத்திருப்பில்தான் மச்சான் அன்றைக்கு முதன்முதலாக வாய் திறந்தார். முன்னால் பார்த்தபடியே கேட்டார்:

"அவன்ட சரியான பேரென்ன?"

இருபது வருடமாக மச்சானின் குறிஞ்சிப்பிட்டித் தோட்டமும் அவனுடைய தோட்டமும் பக்கம் பக்கம். பெயரைச் சொன்னேன். சொல்வதற்கு முன் எனக்கும் ஒரு நொடி யோசிக்க வேண்டியிருந்தது; வாயில் சரியான பெயர் இருந்தாலும் மனதில் இருந்தது மற்றது. மச்சான் அதை வாய்க்குள் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பழகினார்.

அவன் பீட்ரூட் பாத்திகளுக்கு நடுவே நின்றான். என்னைக் கண்டதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்து கட்டிக்கொண்டான். மச்சானின் சலாத்துக்குப் பதில் சலாம் சொன்னான், அது கடமை. மச்சானை நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுகிறவன் சலாத்தோடு அதைச் சேர்க்கவில்லை. முற்றத்தில் இரண்டு நல்ல கதிரையும் கால் வெடித்த ஒன்றும் இருந்தன. நல்லது ஒன்றை எனக்கு இழுத்துப் போட்டான், மற்றதில் தான் இருந்தான். மச்சான் வெடித்த கதிரையில் பாதி இருந்தும் பாதி நின்றும் சமாளித்தார். உள்ளே அவனுடைய மனைவி தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கும் சத்தம் கேட்டது. எனக்குச் சீனி கூடப் போடச் சொல்லி இவன் குரல் கொடுத்தான். இவ்வளவு உபசாரம் நடக்கும்போது எனக்கு உட்கார முடியவில்லை. வெயிலைச் சாட்டி எழும்பி மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டேன்.

மச்சான் சரியான பெயரைச் சொல்லித் தொடங்கினார். நன்றாகத்தான் சொன்னார். பிறகு, தெரிந்தோ தெரியாமலோ ஏதும் செய்திருந்தால் மன்னிக்க வேண்டும் என்றார்.

"என்ன செஞ்சீங்க?" என்று கேட்டான் அவன்.

மச்சான் என்னைப் பார்த்தார். இந்த வழக்கத்தில் அப்படியொரு கேள்வியே இல்லை. பொதுவாகக் கேட்கிறதுதானே என்றார்.

"பொதுவாக் கேட்டா பொதுவாத்தான் மன்னிக்கேலும் நானா. எனக்கு அது விருப்பமில்ல. என்ன செஞ்சதெண்டு சொல்லுங்க, நான் ஒவ்வொண்டா மன்னிக்கிறன்."

அவன் நினைத்திருந்தது ஒன்றே ஒன்று, பெயர் விஷயம். அதை நானும் அறிவேன். மச்சான் அதை முதலில் சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் மக்காவுக்குப் போகிற ஆள். மனதில் பயம் இருக்கிறது. செய்ததைச் சொல் என்று நேரே கேட்டதும், சொல்லக் கூச்சமான ஒன்றை விட்டுவிட்டு, சொல்லக்கூடிய மற்ற எல்லாவற்றையும் எடுத்து வெளியில் வைக்கத் தொடங்கினார். அவற்றில் ஒன்றைக்கூட அவன் அறிந்திருக்கவில்லை.

போன போகத்தில் தம்புள்ளையிலிருந்து வந்த லொறிக்காரனிடம், பக்கத்துத் தோட்டத்துப் பீட்ரூட்டில் அழுகல் நோய் என்று சொன்னது தான்தான் என்றார். அவன் மன்னாருக்குக் காணி பார்க்கப் போயிருந்த ஒரு கிழமை முழுக்க, தன் கிணறு உவர்த்துவிட்டதால், அவனுடைய கிணற்றில் மோட்டார் போட்டு இறைத்தேன் என்றார். அவன் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினான். முகம் கறுத்துக்கொண்டே வந்தது. ஆனாலும் சொன்ன சொல் தவறாமல், அது மன்னிச்சாச்சு, அதுவும் மன்னிச்சாச்சு, வேற என்ன என்று கேட்டான்.

"அந்த வெள்ளாடு," என்றார் மச்சான். "அது கழுதை உதைச்சுச் சாகல்ல. என்ட மோட்டார் சைக்கிள்."

நான் சாய்ந்திருந்த மோட்டார் சைக்கிளிலிருந்து நிமிர்ந்து நின்றேன்.

உள்ளே கோப்பைச் சத்தம் நின்றது. "மூணு வருஷமா நான் அந்தக் கழுதைகளை ஏசுறன்," என்று அவனுடைய மனைவி சொல்வது கேட்டது. "அதுகளிட்டப் போய் ஆர் மாப்புக் கேக்கிற?"

அவன் அதையும் மன்னித்தான். பிறகு அடுத்த விரலை நீட்டிக் காட்டினான். "இன்னும் ஒண்டு இருக்கு. நீங்க சொல்லல்ல."

கடைசியில் மச்சான், அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது பிழைதான் என்று ஒத்துக்கொண்டார். எல்லாரும் கூப்பிட்டார்கள், தானும் கூப்பிட்டேன் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத் தெரிந்தவராக இருந்திருந்தால் ஆட்டோடு நிறுத்தியிருப்பார்.

"ஆனா அத வெச்சது நானில்ல தம்பி. நான் மத்தவன்ட பழியத் தூக்கிட்டு மக்காவுக்குப் போகேலாது. வெச்சது இவன்."

விரல் காட்டவில்லை. காட்டத் தேவையிருக்கவில்லை.

அது உண்மை. பள்ளிக்கூடத்தில் புதிதாக வந்த பிள்ளைகளின் பெயர்களை இடாப்பில் பதிந்துகொண்டிருந்த நாள். அவன் அதிபரின் அறையில் எதற்கோ நின்றான். ஆசிரியர், அந்தப் புதுப் பொடியனின் பெயர் என்ன என்று வகுப்பைக் கேட்டார். நான் கடைசி வரிசை வாங்கில் இருந்தபடி அந்தச் சாமானின் பெயரைச் சொன்னேன். முழு வகுப்பும் சிரித்தது. ஆசிரியரும் சிரித்தார், அதற்கு முன் அவருடைய பல்லை நாங்கள் கண்டதில்லை. அதுதான் என் முதல் நகைச்சுவை. அன்றைக்கு வீட்டுக்கு ஓடிப்போய் ராத்தாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் வழியாகத்தான் பிறகு மச்சானுக்கும் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு எத்தனையோ பத்தி எழுதிவிட்டேன். ஒன்றுக்காவது அந்த வகுப்பு சிரித்த அளவுக்கு ஆள் சிரித்ததாக எனக்குத் தகவல் இல்லை. அவன் திரும்பி வந்து என் பக்கத்தில் இருந்தான். அன்றிலிருந்து நான் அவனைச் சரியான பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன். அதை நட்பு என்று அவன் நினைத்தான்.

அவன் என்னைப் பார்த்தான். "நீயா?"

"ஓம்."

தேத்தண்ணி வந்தது, மூன்று கோப்பை. ஒன்றை மச்சானின் கையில் கொடுத்தான். ஒன்றைத் தான் எடுத்தான். மூன்றாவதைத் தட்டிலிருந்து எடுத்து, நான் விட்டு எழும்பிய கதிரையின் காலடியில், நிலத்தில் வைத்தான். போய்க் குனிந்து எடுத்தேன். சீனி கூடப் போட்டிருந்தது. அது முன்னமே கலந்தது.

"அது ஏன் என்ட கையில இருந்திச்செண்டு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எப்பயாவது கேட்டியா?"

"இல்ல."

"இப்ப கேக்காத."

பிறகு மச்சானின் பக்கம் திரும்பினான். எல்லாவற்றையும் மன்னித்துவிட்டதாகச் சொன்னான்; நல்லபடி போய்ட்டு வாங்க, ராத்தாவுக்கும் சொல்லுங்க, எங்களுக்காகத் துஆ கேளுங்க என்றான். மகளுக்கு ஒரு நல்ல இடம் அமைய வேண்டும், அதையும் கேளுங்க என்றான். மச்சான் இரண்டு கையாலும் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டார். வெடித்த கதிரை சரிந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

அந்த ஈரத்தைப் பார்த்து நானும் துணிந்து, எனக்கும் மாப்புத் தர வேண்டும் என்று தொடங்கினேன். அவன் கையை உயர்த்தினான்.

"நீ எங்க போறாய்?"

"எங்கயும் போகல்ல."

"அப்ப என்ன அவசரம்? மக்காவுக்குப் போறண்டைக்கு வந்து கேளு. நான் யோசிக்கிறன்."

என் சமய ஈடுபாட்டை அவன் நன்றாக அறிவான். வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசல் வழியில் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. ஆயுள் தண்டனையை இதைவிடச் சுருக்கமாக எந்த நீதிபதியும் விதித்திருக்க முடியாது.

மோட்டார் சைக்கிளில் ஏறும்போது கூப்பிட்டான். ஒரு கணம் மனம் மாறிவிட்டானோ என்று நினைத்தேன்.

"இத நீ எழுதுவாய். எழுதாம உனக்கு இருக்கேலாது. எழுது. ஆனா அந்தப் பேர் அதில வரப்படாது. ஒருக்கா வெச்சது காணும்."

திரும்பும் வழியில் கழுதைகள் அதே இடத்தில் நின்றன. மச்சான் வண்டியை ஓரங்கட்டி, கைபேசியை எடுத்து, அவனுடைய சரியான பெயரை எழுத்துக் கூட்டச் சொன்னார். சொன்னேன். பழையதை அழித்துப் புதியதைப் பதிந்தார். நான் முப்பத்தைந்து வருடத்தில் செய்யாத திருத்தத்தை அவர் செய்ததற்காக அவர் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. மாம்புரிக்குக் கிட்ட வந்ததும் முதுகைக் காட்டியபடியே அவர் சொன்னது:

"ஆட்டச் சொல்லியிருக்கத் தேவயில்ல."

ராத்தா செய்தியைக் கேட்டுவிட்டு இரண்டு துவாயையும் மடித்துப் பெட்டியில் வைத்தார். எனக்கு என்ன ஆனது என்று கேட்டார். சொன்னேன். சரிதான் என்றார், தம்பிக்காகப் பரிந்து ஒரு சொல்லில்லை. பின்னேரம் பஸ் தரிப்பிடம் வரை வந்து, வட்டிலப்பம் ஒரு டப்பாவில் தந்தார். டப்பாவைத் திருப்பிக் கொண்டு வர வேண்டும் என்றார்.

திங்கட்கிழமை கொழும்பில் அலுமாரியைக் கிளறிக் கடவுச்சீட்டை எடுத்துப் பார்த்தேன். காலாவதியாகி நாலு வருடம். படத்தில் இருந்தவனுக்கு மச்சானின் சாரம் காணும். புதுப்பிக்கும் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். திகதி எப்போது கிடைக்கும் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை விமான நிலையத்திலிருந்து ராத்தா பேசினார். அங்கே கேட்க வேண்டிய துஆக்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாராம், ஆளுக்கு ஒரு வரி. உனக்கு என்ன கேட்க என்றார்.

"பாஸ்போட்," என்றேன்.

ராத்தா சிரிக்கவில்லை. மச்சானிடம் பேனை கேட்டது எனக்குக் கேட்டது.